வாஷர்

“வீட்ல யாரும் இல்லையா?”
என்று என்னிடமே கேட்டார் சிலிண்டர்காரர்,
கதவைத் திறந்துகொண்டு நான் நிற்கையில்.

கோத்தகிரியில் நான் கேட்டுப் போன மூன்றாவது வீடு இது.
முதல் இரண்டிலும் அட்வான்ஸ் வரை வந்து
அடுப்படியில் முறிந்தது பேச்சு.
பெள்ளிராஜ் நல்லவர். மாடியில் குடியிருப்பவர்.
கேஸ் வேண்டாமென்று சொல்ல மனமில்லாமல்
இண்டக்‌ஷன் அடுப்பொன்று வாங்கித் தந்தார்.
பட்டனில்லாத கண்ணாடி.
கூட்ட, குறைக்க, அணைக்க எல்லாம் ஒரே வழவழப்பு.
சத்தமில்லாமல் சுடும், சத்தமில்லாமல் பாலைப் பொங்கவிடும்.
நாலாம் நாள் திருப்பிக் கொடுத்தேன்.
நெருப்பென்றால் பேச வேண்டும் எனக்கு.

கேஸ் பேசும்.
திருகினால் உஸ், பற்றினால் புப்,
சிம்மில் முணுமுணுப்பு.
பாத்திரத்தை நடுவில் வைத்து, விளிம்பைச் சுற்றி விரலோட்டி
அப்புறம்தான் பற்றவைப்பேன்.
அதற்கும் முன்னால் மஃப்ளர் ஆணிக்குப் போகும்.
ஸ்வெட்டர் கை முழங்கைக்கு மேலே ஏறும், டிசம்பரானாலும்.
மயிர் குத்திட்டு நிற்கும். நிற்கட்டும்.

மலை தன் பங்குக்கு வம்பு செய்யும்.
தேங்காயெண்ணெய் கல்லாகிக் கிடக்கும்,
தோண்டினால் அளவு சொல்லாமல் கட்டியாக விழும்.
கோயம்புத்தூரில் மூன்று விசிலுக்கு மசிந்த பருப்பு
இங்கே ஐந்து கேட்கும்.
இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு.
பார்ப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.
கண்ணால் வந்ததல்ல அது.
தங்கைக்குக் குழந்தை பிறந்ததென்று வந்த
ஃபோனால் வந்தது.

மிளகாய்த்தூளுக்கு இரண்டு ரப்பர் பேண்ட், மல்லிக்கு ஒன்று.
மஞ்சளை மூக்கே சொல்லிவிடும்.
உப்பும் சர்க்கரையும் எட்டடி தள்ளித் தள்ளி,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல.
கத்தி பலகைக்கு வலப்புறம், கூர் சுவரைப் பார்த்து.
வேறெங்காவது அது கிடந்தால்
யாரோ வந்து உதவியிருக்கிறார்கள்.

சிலிண்டர்காரர் ரெகுலேட்டரை மாட்டி
பர்னரைப் பற்றவைத்து ரசீதைக் கிழித்தார்.
“எரியுது சார்.”
“அணைங்க.”
“ஏன் சார்?”
“இன்னொண்ணும் பேசுது.”

உஸ் கூட இல்லை, உஸ்ஸில் கால்வாசி.
சளிபிடித்த குழந்தை தூக்கத்தில் விடும் மூச்சு.
வாசனை இன்னும் எழும்பவில்லை.
அவர் குனிந்தார், முழங்கால் சொடுக்கியது.
“ஒண்ணும் கேக்கலையே.”
சோப்பைக் குழைத்துக் கொடுத்தேன், தடவினார்.
கொஞ்ச நேரம் அவரிடமிருந்து பேச்சில்லை.
“முட்டை விடுது சார்.”

மூடினோம். சுவிட்ச் எதையும் தொடாதீர்கள் என்றேன்.
கதவையும் ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தேன்.
மேகம் கேட்காமல் உள்ளே வந்தது,
டீ ஃபேக்டரியின் வறுபட்ட வாசனையைத் தோளில் போட்டபடி.
அவர் வாஷரை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.
“பாருங்க” என்றார்.
பார்த்தேன். ஓரத்தில் நகக்கண் அளவு பிளவு.

புது வாஷர் போட்டார். மறுபடி சோப்பு, முட்டை இல்லை.
அறை முழுக்கக் குளிர்ந்து தெளியும்வரை காத்திருந்தோம்.
யோகநாதன் என்று பெயர் சொன்னார்.
கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை.

உருளையை நறுக்கத் தொடங்கினேன்.
விரல் மடித்து, கணுவைக் கத்திக்கு வேலியாக வைத்து.
எதிரே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
“விட்டுருங்க யோகநாதன்,
நீங்க பிடிச்சா எனக்குத்தான் கை நடுங்குது.”
சிரித்தார்.
கடுகு முதலில் ஒன்று, யோசித்து இன்னொன்று,
பிறகு மொத்த ஊரும்.
அது ஓயும்போது ஒரு அடி பின்னால் நின்று கறிவேப்பிலை.

அவரைக் குழம்பு, சோறு, இரண்டு தட்டு.
இதற்கு முன் இங்கே சாப்பிட்டவர்கள் எல்லோரும்
முதல் வாய்க்கே பிரமாதம் என்றவர்கள்.
யோகநாதன் மென்றார், விழுங்கினார்.

“உப்பு கம்மி சார்.”

எட்டடி நடந்து
டப்பாவை எடுத்து வந்தேன்.