மரத்தின் முதுகு

ஆறடி மரத்துக்கு
ஒன்பது மீற்றர் போகும் என்றான்
மூன்றாம் குறுக்குத் தெருக் கடைக்காரன்.
மேசை விளிம்பில் அறைந்திருந்த
இரண்டு பித்தளை ஆணிகளுக்கிடையில்
சிவப்பு ரிபனை இழுத்து இழுத்து அளந்துகொண்டே
"ஓரத்தில கம்பி வச்சது, சொன்ன இடத்தில நிக்கும்" என்றான்.
மீற்றர் என்ன விலை என்று கேட்டேன்.
ஆறு போதும் என்றேன்.

துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கந்தோரில்
பத்தொன்பது வருடமாகக் கணக்கெழுதுகிறவன்.
எந்தக் குறைவை எந்தப் பக்கத்தில் மறைக்கலாம் என்று
எனக்குத் தெரியாதா.

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன்.
பதினொரு மாதம் படுத்துக் கிடந்த மரம்
பூச்சி உருண்டை மணத்தோடு எழும்பியது.
கீழ்த்துண்டு, நடுத்துண்டு, உச்சி.
கொப்பு கொப்பாக விரிக்க வேண்டும்,
காலி வீதிக் காற்றில் மடங்கிய குடையை நிமிர்த்துவது போல.
பச்சைப் பிளாஸ்டிக் ஊசிகள் பனியனெல்லாம் குத்தி நின்றன.
இந்த மரத்துக்கும் இலை உதிரும்.
தும்புத்தடி எடுத்துக் கூட்டுகிறவனுக்குத் தெரியும்.

பெர்னதெத்துக்கு வார்ட்டில் இரவு டியூட்டி.
செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்:
"சுத்த வேணாம். போன நத்தாருக்கு
காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு.
ஒருக்கா உள்ளே செருகுங்க, ஒருக்கா வெளியே விடுங்க.
மரம் மூச்சு விடணும்."

மூச்சு!
சீனாவில் வார்த்த மரம்.

ஆனாலும் விட்டேன்.
உச்சியில் தொடங்கி
ஒரு கொப்பின் அடியில் நுழைந்து
அடுத்ததன் மேல் வயிறு தள்ளி விழுந்து
திரும்பவும் நுழைந்து.
ரிபன் சொன்ன இடத்தில் நின்றது,
இந்த வீட்டில் அப்படி நிற்கும் ஒரே பொருள்.
மரத்தின் இடுப்புக்கு வருமுன்னே
கையில் மிச்சம் இரண்டு முழம்.

அவிழ்த்தேன். திரும்பத் தொடங்கினேன்.
சுற்று எல்லாம் இப்போது அரைச் சுற்று.
முன்னால் அரசி.
பின்னால் இரும்புத் தண்டு, வயர்,
உரித்தும் போகாத விலைச் சீட்டு.
யன்னலோரம் தள்ளி வைத்தேன்.
யன்னல் என்ன பார்க்கப் போகிறது?

கொட்டாஞ்சேனையில்
யன்னலுக்கு வெளியே வானம் இருப்பதில்லை.
இன்னொரு யன்னல் இருக்கும்.

"அங்கிள்!"
எதிர் மாடியில், வாயில் பாண் துண்டோடு ஷிமாக்.
"அங்கிள், உங்கட மரத்துக்குப் பின்னால சட்டையே இல்ல!"
அவனுக்குப் பின்னால் தங்கை,
அவளுக்குப் பின்னால் கையில் கரண்டியோடு உம்மா.
மூன்று பேரும் சிரித்தார்கள்.
நடுவில் மழை,
பீலி உடைந்த இடத்தில் மட்டும் கூடுதலாக.

வெட்கம் எனக்கா மரத்துக்கா என்று தெரியவில்லை.
யன்னல் சீலையை இழுக்கப் போனேன்.
கை பாதியில் நின்றது.
இன்னொரு தரம் அவிழ்த்து
முழுக்கச் சுற்றிப் பார்த்தேன்:
பெர்னதெத் சொன்ன அதே காயக்கட்டு.
திரும்பவும் அரைச் சுற்று.
கடைசியில் மரத்தை இடுப்பில் பிடித்து,
பூசை முடிந்து மணப்பெண்ணைச்
சபைப் பக்கம் திருப்புவது போல,
மழைப் பக்கம் திருப்பினேன்.

எனக்கு முதுகு.
சோபாவிலிருந்து சோறு சாப்பிட்டேன்,
விலைச் சீட்டைப் பார்த்தபடி.
அப்போது மலிவு.

ஒன்பதரைக்கு மின்குமிழ்களைப் போட்டேன்.
எதிரே சாரலுக்குக் கண்ணாடியைச் சாத்தியிருந்தார்கள்.
உள்ளே ஷிமாக் யாருக்கோ கை காட்டினான், ஓடினான்.
அவர்கள் வீட்டு விளக்கு அணைந்தது.

கறுத்த கண்ணாடியில்
என் மரம்.
சிவப்பு உள்ளே போய், வெளியே வந்து,
உள்ளே போய்.
உண்மையாகவே மூச்சு விட்டது போலத்தான் இருந்தது,
மழைத்துளி வழிந்ததாலும் இருக்கலாம்.
அதன் நடுவில், ரிபனுக்கும் ரிபனுக்கும் இடையே,
கண்ணாடியில் அப்பிய மூன்று உள்ளங்கைகள்.

காலை ஏழரைக்கு பெர்னதெத் வந்தாள்.
பையை வைக்கவில்லை.
"என்ன இது, மாத்தி வச்சிருக்கு?"
இரவு வரைக்கும் பொறுத்துப் பார் என்றேன்.

அவளுக்கு அன்றைக்கும்
இரவு டியூட்டி.