மேலே மூன்று நாள்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன், செரிக்போல்.
இடம் போதாது, அதனால் திட்டமும் சிறியது:
மூன்று நாள், இரண்டு இரவு, ஜனவரிக் கடைசி,
உன் ரயில் வந்து
நீ ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்த பிறகு.

போகும் ஊர் அல்மாட்டி.
சிரிக்காதே.
பத்தொன்பது வருஷமாய் இங்கேயே இருக்கிறோம்,
ஒருமுறைகூட வந்ததில்லை.

வடக்கு தெற்கு என்று இங்கே யார் வழி சொல்கிறார்கள்?
மேலே என்பார்கள், கீழே என்பார்கள்.
மேலே என்றால் மலை. கீழே என்றால் நாம்.
ஏப்ரலில் வாய்க்கால் திறந்தால்
மேலே ஓடுவது பனி உருகிய தண்ணீர்,
நம் தெருவுக்கு வந்து சேர்வது
சிகரெட் துண்டும், யாரோ ஒரு குழந்தையின்
ஒற்றைக் கையுறையும்.

நீ இன்னும் கீழே.
காஸ்பியன் கரையில், கடல் மட்டத்துக்கும் அடியில்,
இருபத்தெட்டு நாள் வால்வு திருகுகிறாய்.
ஏறுவதற்கு அங்கே இரும்பு ஏணி தவிர என்ன இருக்கிறது?

விடுதியைப் பார்த்தாயிற்று.
அதாவது, அதன் படுக்கை விரிப்புகளை.
வாரம் இருமுறை எங்கள் சலவைக்கூடத்துக்கு வரும்,
ஓரத்தில் நீல நூலில் சின்னதாய் ஒரு ஊசியிலை மரம்.
யார் தங்கினார்கள் என்று விரிப்பு சொல்லும்:
பனிச்சறுக்கில் விழுந்து முழங்கை சிராய்த்தவர்,
ஒயினைச் சிந்திவிட்டு உப்புக் கொட்டி மறைத்தவர்,
இருவர் படுக்கையில்
ஒரு பாதி மட்டும் கசங்கிய விரிப்பும் வரும்.
அதை நான் சீக்கிரம் தண்ணீரில் போட்டுவிடுவேன்.

எனக்கு அந்த விரிப்பில் தூங்க வேண்டும்.
தேய்த்தது நானாகவே இருக்கலாம்.
வேறு ஷிப்ட்காரி என்றால்
மூலை மடிப்பைத் தொட்டே பேர் சொல்லிவிடுவேன்.

இரண்டு இரவுக்கு வாடகை ஒன்றரை டன் நிலக்கரி.
அவர்கள் டெங்கேயில்தான் சொன்னார்கள்,
கரியாய் மாற்றிக்கொண்டது நான்.

தெமிர்லானுக்குச் சறுக்குக் காலணி வாடகைக்கு,
அளவு நாற்பத்திரண்டு. ஆமாம், நாற்பத்திரண்டு.
நீ போன தடவை பார்த்த கால் இல்லை அது.
ராபிகா வரமாட்டாளாம், தோழிக்குப் பிறந்தநாளாம்.
வருவாள், கம்பிவண்டி என்றதும்
போனிலிருந்து தலை நிமிர்ந்ததே.
அணையில் எண்ணூற்றுச் சொச்சம் படி.
உன் முழங்காலைக் கேட்டுச் சொல்.
அங்கே தேநீர் விலையைக் கேட்டால் குளிர் விட்டுப்போகும்,
எனவே இரண்டு பிளாஸ்க், அவித்த உருளைக்கிழங்கு,
உன் அக்கா அனுப்பிய குதிரைத் தொத்திறைச்சியில் பாதி.

அடுப்புதான் சிக்கல்.
அணைந்தால் குழாய் உறைந்து வெடிக்கும்.
பக்கத்து வீட்டு ஸோயா ஹேகாய் ஒத்துக்கொண்டாள்,
காலையில் ஒரு வாளி, மாலையில் இரண்டு.
கூலியாக ஒரு போட்டோ கேட்கிறாள்,
மேலிருந்து அவள் வீட்டுக் கூரை தெரிகிற மாதிரி.
சரி என்றேன். வேறென்ன சொல்ல?
சலவைக்கூடத்தில் போய் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்,
மேலே கண் கூசுகிற வெயிலாம்,
கீழே பார்த்தால் ஊரே இல்லையாம்.
ஆறிய பாலில் ஆடை கட்டின மாதிரி
சாம்பலாய் ஒரு படலம், அவ்வளவுதானாம்.
அந்த ஆடையில் நம் வீட்டுப் புகையும் இருக்கும்,
ஸோயா வாளி தவறாமல் போடுவதால்.

இவ்வளவையும் போனில் ஒரே மூச்சில் படித்தேன்.
உன் பக்கம் இயந்திர இரைச்சல்.
கணக்குப் போடுகிறாய் என்று நினைத்தேன்,
கரியை மறுபடி டெங்கேயாக.

பிறகு கேட்டாய்:
விரிப்பைத் தினமும் மாற்றுவார்களா?

மாற்றுவார்கள்.
வேண்டாம் என்றால் கதவில் மாட்ட
ஒரு அட்டை இருக்கிறதாம்.

முதல் வேலையாக அதை மாட்டு என்றாய்.