இரண்டரைக் கிலோ

செவ்வாயும் வெள்ளியும்
வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு.
புல்லட்டின் இடப்பக்கத் தொட்டியில் நாகவேணி,
மடியில் ஃபைல்.

மூன்று மாதமாய் வண்டி சொன்னபடி கேட்பதில்லை.
கேஸ் கொடுத்தால் புளியமரங்களின் பக்கம் போகிறது,
பிரேக் பிடித்தால் எதிரே வரும் மாங்காய் லாரியின் பக்கம்.
இருபத்தைந்தைத் தொட்டால் ஹேண்டில்பார்
வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டுகிறது.
நேராகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன்.
அத்தனையும் என் வலது தோள் போட்ட சண்டை.

வியாழக்கிழமை.
குருபரப்பள்ளிக்கு இந்தப் பக்கம்
கிரானைட் பாலிஷ் போடும் கொட்டகையில்
இதாயத் இடம் கேட்டு வைத்திருந்தான்.
"ரோடு பொய் சொல்லும்ண்ணா.
இந்தத் தரை சொல்லாது."
அறுத்து ஒதுக்கிய கல்பட்டைகளில் இரண்டு,
ஆறடி நீளம், நூல் பிடித்த விளிம்பு.
புல்லட்டின் இரு சக்கரங்களையும் தொட்டு ஒன்று,
தொட்டிச் சக்கரத்தைத் தொட்டு ஒன்று.
முன்னால் அளந்தான்.
பின்னால் அளந்தான்.
மறுபடி முன்னால்.

"தனிச் சக்கரம் வெளியே வேடிக்கை பாக்குது.
முன்னாடி முக்கால் அங்குலம் உள்ளே வரணும்.
அதுக்கு மேல வந்தா டயரைத் தின்னுடும்."
ஹெட்லைட்டில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு
ஒற்றைக்கண்ணால் பார்த்தான்.
"வண்டி அக்கா மேல சாயுது.
உங்க பக்கம் ஒரு நூல் சாயணும்."

"கேட்டுக்குங்க," என்றாள் நாகவேணி,
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து.
"என் மேல சாயக் கூடாதாம்."

லாக் நட்டில் துரு.
டீசல் ஊற்றி, பீடி ஒன்று முடியும்வரை விட்டு,
ஸ்பேனரின் வாலில் பைப்பைச் செருகி அழுத்தினோம்.
மேல் கம்பியைத் திருகினால் கீழே அளவு கெட்டது.
கீழே சரிசெய்தால் குண்டு நகர்ந்தது.
நாலு முறை.
கல்தூள் கலந்த பால்நிறத் தண்ணீர்
எங்கள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனது.

"எடை வெச்சுத்தான் பூட்டணும். அக்கா எவ்வளவு?"

"போகையிலயா, வரையிலயா?"

அவன் என்னைப் பார்த்தான்.
அவள் இடக்கையை நீட்டினாள்.
முழங்கைக்குக் கீழே புடைத்த நரம்பின் மேல்
இரண்டு விரலை வைத்தான் இதாயத்,
வால்வு சத்தம் கேட்கிறவன்போல் தலை சாய்த்து.
"ஐட்லிங்ல இருக்கு," என்றான்.
அவள் சிரித்துவிட்டாள்.

"போகையில ஐம்பத்தி நாலு.
வரையில ஐம்பத்தி ஒண்ணரை.
மிச்சத்தை மெஷின் கறந்துக்கும்."

"ரெண்டரைக் கிலோவுக்கு இரும்பு அசையாதுக்கா."

"நான் அசையறேனே.
வரைக்குள்ள எடைக்கே பூட்டு.
போகையில இவர் தெம்பா இருப்பார், இழுத்துப் பிடிச்சுக்குவார்.
நாலு மணி நேரம் வார்டு வாசல்ல குந்தியிருந்துட்டு
திரும்பறப்போ பாரு,
மேம்பாலத்துல கொட்டாவி விட்டுக்கிட்டே ஓட்டறார்."

அது எனக்குத் தெரியாது.
கொட்டாவி தெரியும்,
அவள் பார்த்தது தெரியாது.

தொட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.
நாளை ஊசி; உடம்பில் தண்ணீர் கூடியிருக்கும் நாள்.
கணக்குப்போட்டு ஒவ்வொன்றாய் வெளியே கொடுத்தாள்.
செருப்பு.
ஸ்வெட்டர்.
அளந்து குடிக்கிற அரைலிட்டர் பாட்டில்.
மூன்று வருஷத்து ஃபைல், அதுவே ஒரு கிலோ இருக்கும்.
யோசித்து, கையிலிருந்த கண்ணாடி வளையல்களையும்.
"இப்ப சரியா இருக்கும்," என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
"மூச்சுக்கு எடை இல்லக்கா."
"நீ பூட்டு."

பூட்டினான்.

வெள்ளி, மாலை நாலரை.
அவள் தலை தொட்டியின் விளிம்பில்,
கையில் பஞ்சும் பிளாஸ்திரியும்.
முப்பது, நாற்பது.
ஹேண்டில்பார் ஒன்றும் மறுக்கவில்லை.
புளியமரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.
என் தோளுக்குத்தான் வேலை போன செய்தி போகவில்லை.
பழக்கத்தில் அது வலதுக்கு இழுக்க,
வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"விடுங்க."