சாவாளையும் மட்டிப்பழமும்

சாவாளை பொரித்து அதன்மேல்
மட்டிப்பழம் வைக்கப்போகிறேன் என்றதும்
டெல்பின் கேட்டாள்:
"கப்பல்ல தலையில எதுவும் விழுந்துதா?"

கடியபட்டணம் கரையில் இன்று காலை
கூறு நூற்றிருபதுக்குப் போன மீன்.
தொட்டால் விரலில் வெள்ளி ஒட்டும்.
மிஞ்சினால் கருவாடு, அதிலும் மிஞ்சினால் கோழித்தீனி.
பழம் தக்கலைச் சந்தையில் வாங்கியது,
தோல் லேசாகக் கறுத்த ஒரு சீப்பு.

அங்கே மீனே கறுப்பு.
மதெய்ராத் தீவு, கனிசால் துறைமுகம்,
பம்பு கெட்டு மூன்று நாள் கட்டிக் கிடந்தோம்.
ஐந்நூறு பாகத்துக்குக் கீழே
வெளிச்சம் காணாமல் வளர்கிற மீன் அது.
வாளை ஜாதிதான்.
கண் மட்டும் பெரிய கோலிக்குண்டு,
செத்த பிறகும் நம்மையே பார்க்கும்.

கேப்டன் தந்த முன்பணம் இருபது யூரோ பையில்.
மேட்டில் ஏழெட்டு நாற்காலி போட்ட ஒரு கடை.
இலீடியா என்று ஒருத்தி,
முழங்கை வரை மாவு.
அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவளுடையது.
நான் விரலால் காட்டினேன், அவள் பேர் சொன்னாள்.
மேசை: மேசா.
ஜன்னல்: ஜனேலா.
கோப்பை: கோப்பு.
நான் சிரித்த சிரிப்பில்
தன் வீட்டில் எதையோ திருடியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
ஏறக்குறைய அப்படித்தான், யார் திருடியது என்பதில்தான் குழப்பம்.

முதலில் ரொட்டி வந்தது,
சீனிக்கிழங்கு பிசைந்து கல்லில் சுட்டது,
பூண்டும் வெண்ணெயும் விரலிடுக்கில் ஒழுக.
பிறகு மீன்.
மாவில் முக்கிப் பொரித்த வெள்ளைச் சதை,
அதன்மேல் நீளவாக்கில் கீறிய வாழைப்பழம்,
விளிம்பு கருகி, நடு இளகி.
வாயில் வைத்தேன். பாயசத்துக்குள் கடல்.
இரண்டாம் வாயில் சண்டை நின்றது.
மூன்றாம் வாயில் நான் பேசாமல் ஆனேன்.

உறைப்பு மட்டும் இல்லை.
நாக்கை நீட்டி மூச்சு வாங்கிக் காட்டினேன்.
உள்ளே போய்
காடியில் ஊறிய மூன்றே மூன்று மிளகாய்
மருந்துபோல் கொண்டுவந்தாள்.
அம்மா, இதைக் கப்பலேற்றி எங்களிடம் கொண்டுவந்தது
உங்கள் ஆட்கள்தானே.
மொத்தச் சரக்கையும் எங்கள் கரையிலேயே இறக்கிவிட்டு
வீட்டுக்கு மூன்று கொண்டுவந்தார்களா?

அப்போதுதான் போன் அடித்தது.
கார்த்திகை மாதம். கம்பெனி
இரண்டு மாதமாகச் சம்பளம் போடாத நேரம்.
"என்ன தின்னீரு?" என்றாள் டெல்பின்.
தட்டைப் பார்த்தேன்.
"கஞ்சி. பயறு," என்றேன்.
"இஞ்சயும் கஞ்சிதான்."
மிச்ச மீன் ஆறிப்போயிற்று.
ஆறின பிறகும் தின்றேன்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதையெல்லாம் இப்போது அடுப்படியில்,
எண்ணெய் காய்கிற இடைவெளியில் சொல்லி முடித்தேன்.
ஒன்றரை வருடம் தொண்டையில் நின்ற முள்.

டெல்பின் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.
"அன்னைக்கு எங்க அண்ணன்
பாறையில முங்கி ஒரு சாக்கு சிப்பி கொண்டு தந்தான்.
மரச்சீனி அவிச்சு, சிப்பி பிரட்டி,
நானும் பிள்ளையும் வயிறு வீங்கத் தின்னோம்.
நீரு அங்க பட்டினி கெடக்கும்போ
எப்படிச் சொல்லதுக்கு?"

சட்டியில் மீன் சுருண்டது.
மாவில் அவள் ஒரு கை மிளகாய்த்தூள் கலந்திருந்தாள்,
நான் பார்க்காதபோது.
மட்டிப்பழம் சின்னது, கீறினால் நிற்கவில்லை,
குழைந்து அடிப்பிடித்தது.
ஷெறின் பழத்தை வழித்துத் தின்றுவிட்டு
மீனைப் பூனைக்குப் போட்டாள்.
இலீடியாவின் தட்டில் இருந்தது இதுவல்ல.
இருந்தாலும் மூன்றாம் துண்டில்
டெல்பினும் பேசாமல் ஆனாள்.

முள்ளை ஒதுக்கி, விரலை நக்கி,
தண்ணீர் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மெதுவாகக் கேட்டாள்:
"அவளுக்கு எத்தன வயசிருக்கும்?"

"யாருக்கு?"

"கோப்புக்காரிக்கு."