சட்டத்தில் தங்கை

விட்பி துறைமுகத்தில் அந்த வருடம்
மீன் குறைவு, சாவு அதிகம்.
ஆகவே சைலஸ் ஃபிராங்க்லண்டின் பட்டறையில்
வேலைக்குப் பஞ்சமில்லை.
கடலோரப் பாறையிலிருந்து கிண்டியெடுத்த
ஜெட் என்னும் கறுப்புக் கல்லை
இழைத்துத் துளைத்து மெருகேற்றி
ஊர் ஊராய் விதவைகளின் கழுத்துக்கு
அனுப்பிக்கொண்டிருந்தான்.
துக்கத்துக்கும் மோஸ்தர் இருந்த காலம்.

தன் வீட்டுச் சாவுக்கு மட்டும்
கை ஓடவில்லை அவனுக்கு.

ட்ருசில்லாவைப் புதைத்த நாலாம் நாள்
யார்க் ரயிலில் வந்திறங்கினாள் கெசையா.
ஒரு தோல்பெட்டி, ஒரு குடை,
அக்காவின் அதே மூக்கு.
மூன்று வாரம் இருப்பேன் என்றாள்.
ஐந்து வருடமாயிற்று.

அதற்குள்
லெட்டிஸுக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்தன.
ஹல் வியாபாரி ஒருவன்
சைலஸை வருடக்கணக்கில் ஏமாற்றியது
கணக்கேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துபோனது.
நகக்கண் கறுப்போடு ரொட்டியைத் தொடக்கூடாது என்பது
வீட்டு விதியாயிற்று.
இறந்தவளின் நாற்காலியை மட்டும்
யாரும் நகர்த்தவில்லை.
அது அங்கே இருந்ததால்தான்
இருவரும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

ஒரு ஜனவரி இரவு
அவன் கண்ணில் கல்தூள் விழுந்தது.
கைக்குட்டை முனையை நாக்கில் நனைத்து
இமையைப் பிரித்து எடுத்தாள்.
அவ்வளவுதான்.
அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.
ஆனால் கரி வாளியோடு
வேலைக்காரி ஹெப்ஸி வாசலில் நின்றிருந்தாள்;
எனவே எல்லாமே நடந்துவிட்டது.

திங்கட்கிழமை தர்லோ பாதிரியார் வந்தார்.
இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார்.
கணவனும் மனைவியும் ஒரே மாம்சம், சைலஸ்.
அவள் தங்கை உனக்கும் தங்கை.
சாவு இதை மாற்றாது,
பார்லிமெண்டும் மாற்றவில்லை.

அவர்கள் மொழி அப்படி.
மைத்துனிக்கு அதில் வைத்த பெயரே
'சட்டத்தில் தங்கை.'
பெயருக்குள்ளேயே ஒரு போலீஸ்காரனை
நிறுத்திவைத்த மொழி.
கொழுந்தி என்று சொல்லும்போதே
உதட்டோரம் குறும்பு ஒட்டிக்கொள்கிற
எனக்கு இது விளங்க நாளாயிற்று.

கடலுக்கு அந்தப்பக்கம்
ஓர் ஊரில் மணம் முடித்துவைப்பார்களாம், என்றான் சைலஸ்.
இங்கே திரும்பினால் செல்லாது.

திரும்பாமல் இருக்க முடியுமா உன்னால்?
கூட்டிக்கொண்டிருந்த எண்களிலிருந்து
தலை நிமிராமல் கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பட்டறை,
பதினோரு ஆட்கள்,
மேட்டில் ட்ருசில்லாவின் கல்.
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.
அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

தூங்கப் போகுமுன் லெட்டிஸ் கேட்டாள்:
பாதிரியார் சொல்கிறார்,
அம்மாவின் தங்கை அம்மாவாக முடியாதாம்.
அப்படியானால்
நான் உன்னை என்னவென்று கூப்பிடுவது?

சித்தி
என்று இங்கிருந்து கத்தத் தோன்றுகிறது எனக்கு.
தாயின் தங்கைக்கும் அதுதான்,
தாயின் இடத்துக்கு வந்தவளுக்கும் அதுதான்,
எடுத்துக்கொள் பெண்ணே, கதவில்லாத சொல்.
நூற்றைம்பது வருடம், இரண்டு சமுத்திரம்.
கேட்காது.

பல் தேய்த்தாயா, என்றாள் கெசையா.

மார்ச்சில்
நாலு வீடு தள்ளி ஓர் அறை எடுத்தாள்.
காலை ஏழுக்கு வருவாள்,
விளக்கு ஏற்றுமுன் போய்விடுவாள்.
சட்டத்துக்குத் திருப்தி.
ஹெப்ஸிக்குத்தான் பொழுது போகவில்லை.
இரவுச் சாப்பாட்டு மேசையில்
இப்போது இரண்டு காலி நாற்காலிகள்.

பட்டறையில் சைலஸ்
இருப்பதிலேயே நல்ல துண்டாக ஒன்றைத் தேடியெடுத்தான்.
மோதிரம், என்றான்.
யார் செத்தது என்று கேட்கவந்த பையன்
முகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டு
விரல் அளவு கேட்டான்.

யோசிக்காமல் சொன்னான் சைலஸ்.