சிவப்புக் கட்டி

காலைப் பெரட்டில் எண்ணிக் கொடுத்தார்கள்,
நூற்றைம்பது மரத்துக்கு நூற்றைம்பது.
மெழுகில் குருணை, மீன் வாசம், சிவப்புச் சாயம்.
எலி மருந்து என்போம்.
கொல்வதற்கும் அதே சொல்
பிழைப்பதற்கும் அதே சொல்.

மூன்று மிச்சம்.
கையுறையில் சுருட்டி
மோட்டார் கூடையில் போட்டது நான்தான்.
முகம் கழுவி வருவதற்குள்
கையுறை மட்டும் கிடந்தது, ஈரமாய்.
கோப்பி வாலாட்டினான்.
மூக்கு நுனியில் சிவப்பு.

"மருந்து தின்னுடுச்சு!"
நான் கத்தியதும் பத்து வீட்டுக் கதவும் திறந்தன.
இந்த லயத்தில் அந்தச் சொல்லுக்கு
யாரும் முதலில் நாயை நினைப்பதில்லை.
நாய்தான் என்றதும்
அஞ்சலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
படியில் உட்கார்ந்துவிட்டாள்.
பிறகு வைத்தியம் பொழிந்தது:
உப்புத்தண்ணி, இளநீர், முட்டையின் வெள்ளை.
"நல்லாத்தானே இருக்கு, விடு"
இது செழியன்.

நல்லாத்தான் இருந்தான்.
அதுதான் பயம்.
எலிகளை எனக்குத் தெரியும்.
தின்ற அன்றும் ஓடும், மறுநாளும் ஓடும்,
நாலாம் நாள் மட்டைக்கடியில்
மூக்கில் ரத்தப் பொட்டோடு கிடக்கும்.

உப்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன்.
ஸ்டோரில் புகுந்து
மூட்டையின் லேபிளைக் கிழித்தேன்.
கிராணி ஏதோ கேட்டார்.
பழ லோரிகளுக்கு நடுவே தெலுக் இந்தான் வரை
என் வயிற்றுக்கும் ஹேண்டிலுக்கும் இடையில்
காற்றை நக்கிக்கொண்டே வந்தான்.

"ராச்சுன் மானா?" என்றார் டாக்டர் யாப்.
மலாயில் அது நஞ்சுதான், ஒளிவு இல்லை.
லேபிளைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தை.
எத்தனை மணிக்கு? எத்தனை கட்டி?
உப்பு கொடுத்தாயா?
இல்லை என்றதும்
முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
ஓர் ஊசி.
கோழிச்சோற்றோடு மூன்று கட்டியும்
சிவப்புச் சேறாய்த் தரைக்கு வந்தன.
பிறகு கரித்தூள்.
பிறகு நாலு வாரத்துக்கு வைட்டமின் கே மாத்திரை,
ஒருநாள்கூட விடக்கூடாது,
முடிந்த மூன்றாம் நாள் ரத்தம் பார்க்க வரவேண்டும்.
முந்நூற்று நாற்பது வெள்ளி.
கூட்டுப் பணம் அது. செழியனிடம் இன்னும் சொல்லவில்லை.

ராத்திரி
சார்டின் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்தேன்.
சார்டினைத் தின்றான்,
மாத்திரையை என் காலடியில் துப்பினான்.
கேட்காமலே மூன்றை விழுங்கியவன்!
வாயைப் பிளந்து தொண்டைவரை விரலை விட்டேன்.
எத்தனை சோப்பு போட்டும்
நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை.
விழுங்கினான்.

நாளைக்குப் பன்னிரண்டாம் நம்பர் காடு.
இருநூறு மரம்.