பதிமூன்றாம் துளை

ஓயார்ஸ் ஒதுக்கியது நூற்றிருபது யூரோ.
அதற்குள் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்:
இருபத்துநான்கு துளை,
ஆறு தொலைபேசிக்கும் கூரையின் இரண்டு வைஃபைக்கும்
அதே கம்பியில் மின்சாரம்,
கணக்குப் பிரிவுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர்.
“சத்தம் மட்டும் கூடாது” என்றாள் திசிந்த்ரா.
அவள் நாற்காலிக்குப் பின்னால்தான்
கோட்டு மாட்டும் அலமாரி.
வேறு இடம் இல்லை.

நில அளவை அலுவலகம். ஏழு பேர்.
கணக்கு எழுத வந்தவள் நான்.
ஒருமுறை அச்சுப்பொறியைச் சரிசெய்து தொலைத்தேன்;
அன்றிலிருந்து வயர் உள்ளதெல்லாம் என் தலையில்.

டிராம் கடைசியாக நிற்கும் இடத்தில் இமாந்த்ஸின் கிடங்கு.
திவாலான கம்பெனிகளின் இரும்பு
ரொட்டித் தட்டுகள்போல் அடுக்கடுக்காய்.
மூன்றை இறக்கி வைத்தான்.

முதலாவது அறுபது யூரோ.
மின்சாரம் கொடுத்ததும்
ஓடுபாதை விமானம்போல் ஊளையிட்டது.
“ஒரு நிமிடத்தில் அடங்கும்” என்றான்.
அடங்கியது,
பல் வைத்தியரின் துரப்பணம் அளவுக்கு.

இரண்டாவது பளபளத்தது. விசிறியே கிடையாது.
ஆசை வந்து, அடிப்பக்க எண்ணைத் தேடிப் பார்த்தேன்:
எவருடைய கிளவுட் கணக்கிலோ இன்னும் கட்டிக்கிடக்கிறது.
அவர் அவிழ்த்து விடாமல் வாய் திறக்காது.
“யார் அவர்?”
இமாந்த்ஸ் தோளைக் குலுக்கினான்.
“ஏலத்தில் பெட்டிதான் தருவார்கள், முகவரி அல்ல.”

மூன்றாவது சாம்பல் நிறம், ஒரு மூலை நசுங்கல்,
முனகும் ஒற்றை விசிறி. நூற்றுப்பத்து.
தானமாய் வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்த்தேன்.
நீலத் தட்டை வயரை மடிக்கணினியில் சொருகி,
முன்பொத்தானை அழுத்தியபடியே உயிர் கொடுத்து,
கடவுச்சொல்லைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.
அழிக்காமலே விற்றிருக்கிறார்கள்.
மென்பொருளைச் செய்தவன் கைகழுவி நான்கு வருடம்.
நிர்வாகக் கதவை உள்ளறைக்குள் பூட்டிவிடலாம் என்று
எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

துளைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.
இரண்டு: வரவேற்பு.
ஐந்து: குந்தேகா, ஜன்னலோரம்.
ஒன்பது: இயக்குநர், கேட்காமல் பிடுங்காதே.
பதினேழு: காபி இயந்திரம். இதையும்தான்.

நடந்ததையெல்லாம் நினைவில் எழுதிவைக்கவும்
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
கடைசிப் பக்கம், ஒரு வெள்ளிக்கிழமை.
பத்து பன்னிரண்டுக்கு ஒன்பது அணைந்தது.
மதியத்துக்குள் இன்னும் பதினொன்று.
மூன்று நாற்பதுக்கு வரவேற்பு.
ஐந்து மட்டும் ஆறு மணிக்கு அணைந்து,
நான்கு நிமிடம் கழித்து எரிந்து,
மறுபடி அணைந்திருக்கிறது.
படிவரை போனவள் திரும்பி வந்து
எதையோ அனுப்பியிருக்க வேண்டும்.
பிறகு காபி இயந்திரம்.
அதோடு சரி.

ஒவ்வொரு துளையாய்ச் சொருகிப் பார்த்தேன்.
பதிமூன்று பேசவில்லை.
“இடி விழுந்திருக்கும்” என்றான்.
“அப்படியானால் இடிக்கு எவ்வளவு கழிப்பாய்?”
தொண்ணூற்றைந்தில் முடிந்தது.
சுவரில் பொருத்தும் இரண்டு காதுகளைச் சும்மா கொடுத்தான்.

இரவில் எல்லாவற்றையும் அழித்தேன்.
உறுதியா என்று கேட்டது.
உறுதிதான்; இருந்தும் ஐந்தாவதை
ஒருமுறை படித்துவிட்டுத்தான் தட்டினேன்.
எங்கள் ஏழு பெயரும் ஏறின.
பதிமூன்றில் எழுதினேன்:
செத்தது. நேரத்தை வீணாக்காதே.
அடுத்து எந்தக் கிடங்கில் யார்
மடிக்கணினியோடு குந்துவார்களோ.

லியபாயாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
பிப்ரவரி முழுக்க ஜன்னல்களைப் பிடித்து உலுக்கியது.
திசிந்த்ரா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மார்ச்சில் ஒரு செவ்வாய், காலை பத்து மணிக்கு,
காற்று நின்றது.
ஏழு பேரும் தலை நிமிர்ந்தோம்.
கோட்டுகளுக்குள்ளிருந்து ஒரு முனகல்.
“இது இத்தனை நாளும் இருந்ததா?”
“இருந்தது.”
எழுந்து போனாள்.
அதன் மூச்சை அடைத்துத் தொங்கிய தன் கோட்டை எடுத்து
அடுத்த கொக்கியில் மாட்டினாள்.